மைத்துனர் வராத வீடு

பாய் கோணலாகக் கிடப்பதுபோல் இருந்தது, இழுத்து நேராக்கினேன். அதை நேராக்கியதும் பக்கத்துப் பாய் கோணலாகத் தெரிந்தது. அதையும் இழுத்தேன், அது முதல் பாயின் மேல் ஏறிக்கொண்டது. கிடக்கட்டும், பாயைப் பார்க்கவா வரப்போகிறார்கள் என்று சுவரோரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் துணிப்பலகை கண்ணில் படுகிறது. கம்பளித் துணி ஒட்டிய பலகை. படகு, வலை, மீன், கரையில் நிற்கிற மனிதர் என்று வெட்டி வைத்த படங்களை அதில் ஒட்டி ஒட்டி எடுத்துக் கதை சொல்லலாம். எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் அதற்காகவே முன்வரிசைக்கு முண்டுவார்கள். இங்கே ஈரக் காற்றில் படகு ஒட்டமாட்டேன் என்கிறது. ஒட்டினால் கொஞ்ச நேரம் நிற்கிறது, நான் வேறு பக்கம் பார்த்ததும் நழுவிப் பாயில் விழுகிறது. விழுந்தால் எடுத்து ஒட்ட வேண்டியதுதான், அதற்கென்ன. ஆனால் மூன்றாம் முறை எடுத்தபோது, படகு என்றால் இவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு பயம் வந்தது. இந்த மலையில் படகு ஏது. மழை விட்டுக் கொஞ்ச நாளில் ஆறே வெறும் கல்லாகி, கல்லுக்கு நடுவில் ஈரமாகிவிடுகிறது. இத்தனை காலம் யோசித்து, ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் பேச்சில் வாய்க்குள் உருட்டிப் பழகி, கடைசியில் படகில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேனே. தேன் எடுக்கப் போகிறவர்கள் கதையாக மாற்றிச் சொல்லலாமா, பாறையில் கயிறு கட்டி இறங்குகிறார்கள், பொழுதெல்லாம் இறங்கியும் ஒரு அடைகூட அகப்படவில்லை, அப்போது ஒருவர் அடுத்த பாறையில் கயிற்றைப் போடுங்கள் என்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. வேதத்தில் உள்ளதை மாற்றிச் சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை. படகு மறுபடியும் விழுந்தது, இந்த முறை எடுக்கவில்லை.

அடுப்படியில் தங்கபுஷ்பம் தேநீரை இறக்கி வைத்துவிட்டுக் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி. சட்டியில் அகப்பை உரசுகிற சத்தம் சீராக வரும், நிற்கும், மறுபடி வரும். நின்றபோதெல்லாம் நான் வாசலைப் பார்த்தேன், யாரோ வருவதைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினாள் என்று. அவள் இருக்கும் இடத்திலிருந்து பின்பக்கம்தான் தெரியும். அது தெரிந்தும் வாசலைப் பார்த்தேன். வெயில் இலுப்பை மரத்தின் அடியைத் தொடும்போது வாருங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன், இங்கே கடிகாரம் சொன்னால் யாருக்கும் புரியாது. எங்கள் வாசலிலிருந்து சரிவில் அந்த மரம் தெரியும். ஊரின் வாலிபர்கள் கூடுகிற இடம் அது. பகல் வேலை முடிந்தால் பையன்களும் பெண்களும் அங்கே போய் உட்கார்ந்து, மேளம் அடித்து, ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டிருப்பார்கள். நேற்று நான் இறங்கிப்போய் அவர்களிடம் சொன்னேன், நாளை எங்கள் வீட்டுக்கு வாருங்கள், கொஞ்சம் பாட்டு, ஒரு கதை, சும்மா பேசலாம் என்று. பாட்டு என்றதும் பெண்கள் ஒருத்தி முதுகில் ஒருத்தி முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஜாலு என்கிற பையன், மேளம் அவன் மடியில்தான் எப்போதும் இருக்கும், “மாஸ்தர், உங்க வாயில எங்க பேச்சு வேகாத ரொட்டி மாதிரி இருக்கு. பசிக்குத் தின்னலாம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வெயில் இப்போது மரத்தின் அடியைத் தொட்டு, வேரைத் தாண்டி, மேளத்தின் மேல் விழுந்திருக்கும். மேளச் சத்தம் கேட்கிறது. அப்படியென்றால் ஜாலு இன்னும் எழுந்திருக்கவில்லை.

பொறுமை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படித்துப் படித்துத்தான் எனக்குப் படிப்பு வந்தது. மிஷன் பத்திரிகை அங்கேதான் அச்சாகும். வடக்கே மலைகளில் வாலிபர்கள் நடுவில் வேலை செய்ய ஆள் வேண்டும் என்று ஒரு வரி வந்தது, அந்த வரியை நானே கோத்தேன், கோத்த கையோடு அது என்னை விடவில்லை. அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. பயிற்சியில் எங்களுக்குச் சொன்னதெல்லாம், போனதும் வாயைத் திறக்காதீர்கள் என்பதுதான். அவர்கள் பேச்சைப் படியுங்கள், அவர்கள் ரொட்டியைத் தின்னுங்கள், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், காலம் கனியும்போது அவர்களே வருவார்கள். திறந்துதான் வைத்தோம். குஜராத்தின் கிழக்கு ஓரத்தில், பேருந்து நிற்கிற இடத்திலிருந்து அரைநாள் ஏறி வரவேண்டிய இந்தக் குன்றில், மூங்கில் தட்டியும் சாணம் மெழுகிய சுவருமாக ஒரு வீடு கட்டிக்கொண்டு காத்திருந்தோம். முதலில் வந்தார்கள். ஜாலு இதே சுவரில் சாய்ந்துதான் எனக்குச் சொல் சொல்லிக்கொடுத்தான். திவாலி என்று ஒரு பெண், தீபாவளியன்று பிறந்ததால் அந்தப் பெயர், தங்கபுஷ்பத்தின் பின்னலைப் பிடித்து அவிழ்த்து அவிழ்த்துப் பின்னுவாள். பிறகு வரவில்லை. எப்போதிலிருந்து வரவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு மிரண்ட குதிரைபோல் நின்றுவிடும், நான் அதை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். ஈஸ்டர் முடிந்து கனகராய் அண்ணன் வந்திருந்தார், மிஷனின் பொறுப்பாளர், நல்ல மனிதர், ஏறி வந்த மூச்சு அடங்காமல் பாயில் உட்கார்ந்து, “தம்பி, தப்பா நினைக்கக்கூடாது. அறுப்புக்குள்ள ஒரு வாலிபர் கூட்டமாவது ஆரம்பிக்கலைன்னா, கமிட்டி உங்களை ஒரிசாப் பக்கம் அனுப்பும்னு தோணுது. அங்க கதவு திறந்திருக்கு. மூடின கதவுக்கு முன்னால எத்தனை நாள் நிக்கிறது?” என்றார். நான் தலையாட்டினேன். தங்கபுஷ்பம் அவருக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமல், “அப்ப பின்னால இருக்கறவ?” என்றாள். அண்ணன் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் இருப்பவள் எங்கள் மகள். வீட்டுக்குப் பின்னால் தேக்கு மரத்தடியில், நரி தோண்டாமல் இருக்கக் கல்லும் முள்ளும் பரப்பிய இடம். இந்த மலையிலேயே பிறந்தாள், ஊர்ப் பெண்கள்தான் வந்து பார்த்தார்கள், தொப்புள்கொடி அறுத்தது திவாலியின் தாய். தவழ ஆரம்பித்திருந்தாள். மெழுகிய தரையில் அவள் போன வழியெல்லாம் இரண்டு முழங்காலின் தடம் விழும், தங்கபுஷ்பம் அதைத் திட்டிக்கொண்டே மறுபடி மெழுகுவாள். மழையில் வயிற்றுப்போக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு அக்கரை போக வேண்டும், ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் பிள்ளையைத் துணியில் சுற்றி மார்போடு கட்டிக்கொண்டு கரையில் நின்றேன், ஜாலுவும் இன்னும் இரண்டு பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்புவரை இறங்கிப் பார்த்தார்கள், ஏறிவிட்டார்கள், மறுபடி இறங்கினார்கள். தண்ணீர் வடியும் என்று நின்றோம். நான் ஜெபித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் வடிந்தது, மறுநாள். இதற்கு மேல் இந்த நினைப்பை நான் போகவிடுவதில்லை. உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கிற மைத்துனருக்குத் தந்தி கொடுத்தோம். யேசுவடியான், தங்கபுஷ்பத்தின் ஒரே அண்ணன். நாங்கள் புறப்பட்ட அன்று ரயில் நிலையத்தில் அத்தனை பேர் முன்னிலையில், “வேய், நீரு ஊழியத்துக்குப் போறீர்னா போவும். எந் தங்கச்சிய எதுக்கு இழுத்துட்டுப் போறீரு? அவளுக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா நான் அந்தத் தெசையிலகூட வந்து நிக்கமாட்டேன்” என்று சொன்னவர். தந்திக்குப் பதில் இல்லை. வெகுநாள் கழித்து ஒரு ஓலைக்கொட்டானில் கருப்பட்டி வந்தது, ஒரு வார்த்தை இல்லாமல். தங்கபுஷ்பம் அதில் ஒரு வட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, சுண்ணாம்பு கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னாள்.

மேளம் நின்றது. நான் எழுந்துவிட்டேன். மறுபடி அடித்தார்கள், உட்கார்ந்துவிட்டேன். ஏன் வரவில்லை என்பதற்கு எனக்குள் பல காலமாக ஒரு பதில் இருக்கிறது, அதை நான் ஜெபத்தில்கூட முழுசாகச் சொன்னதில்லை. பெரியவர்கள் வருகிறார்கள். கல்யாணம் ஆனவர்கள், கிழவர்கள், முற்றத்துக்குள் வந்து உட்கார்ந்து மாத்திரை வாங்கி, பீடி குடித்து, மழையைப் பேசிவிட்டுப் போகிறார்கள். வாலிபர்கள் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். கூப்பிட்டால் பதில் சொல்வார்கள், சிரிப்பார்கள், ஒரு கால்கூட உள்ளே வைக்கமாட்டார்கள். பிள்ளை போன நாளிலிருந்து இப்படித்தான். அவர்கள் கரையில் நின்று பார்த்தவர்கள். நான் ஜெபித்ததைப் பார்த்தவர்கள். தன் பிள்ளைக்கு ஒரு ஆற்றை வடியவைக்காத சாமியைப் பற்றி இந்த மனிதன் நமக்கு என்ன சொல்லப்போகிறான் என்று நினைக்கிறார்கள், வேறென்ன. நினைக்கட்டும், அது நியாயம்தானே. நான் அவர்களாக இருந்தால் நானும் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிற்பேன். இல்லை, அப்படி நினைக்கக்கூடாது. திறந்த வாசல் என்று ஒரு வசனம் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு எத்தனை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தோம், தங்கபுஷ்பம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். வாசலைத் திறவும் ஆண்டவரே என்று கேட்போம். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்தால் வாசல் திறந்துதான் கிடக்கும், வேலிக்கு வெளியே யாராவது ஆடு ஓட்டிக்கொண்டு போவார்கள், “பென்னோட அண்ணன் வந்தாச்சா?” என்று என்னைப் பார்த்துக் கேட்பார்கள். பென் என்றால் சகோதரி, தங்கபுஷ்பத்தை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வருவார், வருவார் என்பேன். இங்கே எல்லோரும் அதைக் கேட்பார்கள். சந்தையில் கேட்பார்கள், ஆற்றில் கேட்பார்கள். நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல. வரமாட்டார் என்று சொன்னால் ஏன் என்பார்கள், ஏன் என்றால் சண்டையைச் சொல்ல வேண்டும், வீட்டுச் சண்டையை வேலிக்கு வெளியே சொல்வது நமக்குப் பழக்கமா. கடையில் வேலை அதிகம், பனைக்காலம் முடியட்டும், வருவார். ஒரு சொல்லில் முடிந்துவிடும்.

திவாலி ஏறி வந்துகொண்டிருந்தாள். தனியாக. அவளுக்குப் பின்னால் ஆள் வருகிறதா என்று பார்த்தேன், இல்லை. நான் முற்றத்துக்கு இறங்கினேன். வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் நின்று, படலின் மூங்கிலை நகத்தால் சுரண்டிக்கொண்டு, “எல்லாரும் மரத்தடியில இருக்கோம்” என்றாள். தெரியும் என்றேன். “தேநீர் வாசனை அங்க வருது. ஜாலு மூக்கை மூடிக்கிட்டு அடிக்கிறான்.” வாருங்களேன், உங்களுக்குத்தான் போட்டது, கடலையும் இருக்கிறது என்றேன். அவள் என் தோளுக்கு மேல் வீட்டைப் பார்த்தாள். “பென்னோட அண்ணன் வந்துட்டாரா?” என்றாள். இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் ஏறி வந்தாள் என்று எனக்குச் சின்ன எரிச்சல். வருவார் என்றேன். “சரி, வரட்டும்” என்று அவள் திரும்பினாள், இரண்டு எட்டு இறங்கியும்விட்டாள். அப்போது எனக்குப் பின்னாலிருந்து தங்கபுஷ்பம், அவர்கள் பேச்சில், என்னைவிட அவளுக்கு அது நன்றாக வரும், “திவாலி, நில்லு. எங்க அண்ணன் வரமாட்டாரு” என்றாள். கையில் அகப்பையோடு வாசலில் நின்றிருந்தாள். திவாலி நின்றாள். “செத்துட்டாரா?” என்றாள். “உயிரோடதான் இருக்காரு.” “சண்டையா?” “சண்டைதான்.” திவாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க மாமாவும் அப்படித்தான். ஒரு சேவலுக்காக எங்கம்மாகிட்ட ஒன்பது மழை பேசல” என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன பென்? இத்தனை நாளா நாங்க அவரைத்தானே பார்த்துக்கிட்டிருக்கோம்” என்றாள். எதுக்கு அவரைப் பார்க்கணும் என்று தங்கபுஷ்பம் கேட்டாள். திவாலி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், தண்ணீர் எப்படிக் குடிப்பது என்று யாரோ அவளைக் கேட்டதுபோல.

அவள் சொன்னாள். பிள்ளை செத்த வீடு மூடின வீடு. கதவு திறந்திருந்தாலும் மூடினதுதான். தாயின் கூடப்பிறந்தவன் புதுத் துணி கொண்டுவந்து அவள் தலையில் போட்டு, கையைப் பிடித்து வாசலைத் தாண்டி வெளியே கூட்டிக்கொண்டு வரவேண்டும், அன்றைக்குத்தான் வீடு திறக்கும். அதுவரை கல்யாணமாகாதவர்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது, வைத்தால் நாளை அவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆகாது. “மாஸ்தர் வருவார் வருவார்னாரு. தூர ஊரு, ரயில்ல வரணும், சரி வரட்டும்னு இருந்தோம். ஜாலுதான் கத்துவான், எத்தனை நாளைக்குடா பொறுக்கறது, மாஸ்தர் வீட்டுல பாட்டு கத்துக்கணும்னு. பெரியவங்க திட்டுவாங்க, பொறுங்க, அவசரப்படாதீங்க, அவங்க துக்கம் அவங்களுக்குன்னு.” நான் படலைப் பிடித்துக்கொண்டேன். பொறுங்கள் என்று அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் உண்டு, பிறந்த வீட்டுக் கோடி என்று, துக்க வீட்டுக்கு அண்ணனோ தம்பியோ சேலை கொண்டுவருவது, என் தாய்க்கு என் மாமா கொண்டுவந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பிறகு சபையில் அதெல்லாம் வேண்டாம் என்றார்கள், விட்டுவிட்டோம், விட்டதோடு அது உலகத்திலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். வடக்கே ஒரு மலையில் ஊர் மொத்தமும் என்னிடம் அதைத்தான் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் சும்மா குசலம் விசாரிப்பதாக நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். எத்தனை வெள்ளிக்கிழமை. சாமியைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நான் அவர்கள் சார்பில் சந்தேகப்பட்டதெல்லாம் யாருடைய சந்தேகம். சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. “அண்ணன் வரமாட்டாருன்னு சொல்லிட்டா, ஊர்ல ஒருத்தன் அண்ணனா நிக்கலாம். நின்னா நின்னதுதான், உசிரு உள்ளவரை அவன் அண்ணன். ஜாலு ஹோலிக்கு முந்தியே துணி வாங்கி வெச்சிருக்கான் பென், சிவப்புல பச்சைக் கரை. அவங்கம்மா கேட்டுட்டா, கல்யாணம் பண்ண வக்கில்ல, தங்கச்சி கேக்குதா உனக்குன்னு” என்றாள் திவாலி. தங்கபுஷ்பம் சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலம். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றிருக்கலாம். “துணியைப் போட்டப்புறம் நீங்க பிள்ளை பேரைச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்” என்று திவாலி சாதாரணமாகச் சொன்னாள். “வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னா அது கூப்பிடறாங்கன்னு நினைச்சு வாசல்லயே வந்து உக்காந்துக்கும். போகாது. பசியோட உக்காந்திருக்கும்.”

இங்கே நான் பேசியிருக்க வேண்டும். இதற்காகத்தானே வந்தேன். இல்லை திவாலி, பிள்ளை எந்த வாசலிலும் பசியோடு உட்கார்ந்திருக்கவில்லை, அவள் நல்ல இடத்தில் இருக்கிறாள், அவள் பெயர் அங்கே தெரியும், கூப்பிடலாம், கூப்பிட்டால் ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லத் தேவையான எல்லாச் சொல்லும் என்னிடம் இருந்தது, இதே சுவரோரம் ஜாலுவிடம் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தது. துணி வேண்டாம் என்று சொல்லலாம், எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை என்று. சொன்னால் வீடு மூடியே கிடக்கும், அறுப்புக்குப் பிறகு நாங்கள் ஒரிசாவில் இருப்போம், தேக்கு மரத்தடியில் முள்ளை மாற்றிப்போட ஆள் இருக்காது. சரி என்று சொல்லலாம். சொன்னால் இவர்கள் வருவார்கள், பாயில் உட்காருவார்கள், படகு விழும், சிரிப்பார்கள், பாடுவார்கள், கனகராய் அண்ணன் சந்தோஷப்படுவார். தங்கபுஷ்பமோ ராத்திரி விளக்கை அணைத்தபிறகு ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் திரும்பிப் படுப்பாள், ஜெபம் மாதிரிகூட இல்லை, விளக்கை அணைத்தாச்சு என்பது மாதிரி. அதை விடு என்று நான் எப்படிச் சொல்வது. விடாதே என்று எப்படிச் சொல்வது. என் வேலைக்கு அவள் கொடுத்தது போதாதா. அந்தக் கணக்கை நான் போடலாமா, அதைப் போடவே எனக்கு உரிமை உண்டா. அவள் என் பக்கம் திரும்பி, எங்கள் பேச்சில், திவாலிக்குப் புரியாமல், “என்ன செய்ய? சொல்லுங்க” என்றாள். அவள் முகத்தைப் பார்க்காமல் அகப்பையைப் பார்த்தேன். நுனியில் ஒரு கடலை கருகி ஒட்டியிருந்தது. “தேநீர் ஆறிருக்கும்” என்றேன். உண்மையாகவே அதைத்தான் சொன்னேன். கோபம் இல்லை, அவள் கோபம் எனக்குத் தெரியும், “ஆறட்டும். சூடு பண்ணிக்கிடலாம்” என்றாள். திவாலியிடம் திரும்பி, “ஜாலுவை வரச்சொல்லு. எல்லாரையும் கூட்டிட்டு வரச்சொல்லு. கொஞ்சம் மெதுவா வாங்க” என்றாள்.

திவாலி சரிவில் ஓடினாள். மரத்தடியில் மேளம் நின்றது, யாரோ கத்தினார்கள், ஜாலு கத்துகிறான் என்று நினைத்தேன், சந்தோஷத்தில் மேளத்தை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. தங்கபுஷ்பம் அகப்பையை அடுப்படியில் வைத்தாள், கையைச் சேலையில் துடைத்தாள், பின்வாசல் வழியாகப் போனாள். நான் அவள் பின்னால் போகவா, முற்றத்தில் நின்று வருகிறவர்களை வாங்க என்று சொல்லவா என்று தெரியாமல், வீட்டின் நடுவில், பாய்களுக்கு நடுவில் நின்றேன். பிறகு எத்தனையோ வருடம் நாங்கள் அந்த மலையில் இருந்தோம். அந்த அறையில் பாட்டுப் படித்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து அவர்களும் பாடினார்கள். ஜாலு கடைசிவரை அவளுக்கு அண்ணனாகவே இருந்தான், அவளைத் தூக்கிக்கொண்டுபோன நாலு பேரில் ஒருவன் அவன், இப்போது அவளும் அந்தத் தேக்கு மரத்தடியில்தான் இருக்கிறாள். இந்தக் காலம் முழுவதும் அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. விளக்கை அணைத்தபிறகு அந்த இடம் வரும், அவள் அங்கே சும்மா இருப்பாள், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். அது பிறகு. அன்றைக்கு, அந்த மாலையில், பின்பக்கமிருந்து அவள் குரல் கேட்டது. அழுகை இல்லை. பொழுது சாயும் நேரத்தில் தெருவில் விளையாடுகிற பிள்ளையை நம் ஊர்ப் பெண்கள் கூப்பிடுவார்களே, அப்படி, பெயரைச் சொல்லி, கடைசி எழுத்தை நீட்டி, “வாட்டி” என்று. எங்கள் மகள் நடந்ததேயில்லை, அவளை யாரும் அப்படிக் கூப்பிட வேண்டி வந்ததில்லை. மறுபடி கூப்பிட்டாள், கொஞ்சம் அதட்டி. மறுபடி, கொஞ்சம் கொஞ்சலாக. இன்னும் வளராத வயதுக்கெல்லாம் சேர்த்து ஒவ்வொரு விதமாகக் கூப்பிட்டாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்பதுபோல ஒன்று, சோறு ஆறுது என்பதுபோல ஒன்று, யாரோ பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருக்க உள்ளேயிருந்து அழைப்பதுபோல அடங்கிய குரலில் ஒன்று. சரிவில் காலடிச் சத்தம் கேட்டது, முற்றத்துக்கு இறங்கினேன். வந்துவிட்டார்கள். பையன்கள் முன்னால், பெண்கள் பின்னால், தலைக்கு எண்ணெய் தடவி, காதில் பூச்செருகி, ஜாலு மடித்த சிவப்புத் துணியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு. இத்தனை காலம் நான் பாயை நேராக்கி நேராக்கிக் காத்திருந்தவர்கள். வேலிப்படலுக்கு வந்ததும் அவர்களுக்கும் அந்தக் குரல் கேட்டது. ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், திவாலி அவன் முழங்கையைப் பிடித்தாள். ஜாலு என்னைப் பார்த்தான். வாங்க என்று நான் சொல்ல வேண்டும், படலைத் திறக்க வேண்டும். கை எழவில்லை. அவன் தலையை லேசாக அசைத்தான், அவசரமில்லை என்பதுபோல. வெயில் போய்விட்டது, ஆடுகள் தாமாகவே சரிவில் ஏறி வீட்டுக்குப் போயின. அத்தனை பேரும் வேலிக்கு அந்தப் பக்கம் தலைகுனிந்து நின்றார்கள், அவள் கூப்பிட்டு முடியட்டும் என்று.